தலைப்பில் விடுபட்ட ‘ஆம்’

மொழிபெயர்ப்பாளன் ஒருவன் எதைக் கண்டு அஞ்சுவான் என்று கேட்டால், நீண்ட அறிக்கைகளை நான் குறிப்பிட மாட்டேன். நாலே சொற்களில் அமைந்த செய்தித் தலைப்புகளையே சுட்டுவேன். தலைநகரில் அரசாங்க அலுவலகமொன்றில் பல்லாண்டுகளாக ஆங்கிலத்தைத் தமிழாக்கி வருகிறவன் நான். அறிக்கையின் நாற்பதாம் பக்கத்தில் பிழை நேர்ந்தால் அதை ஒருவரும் கவனிப்பதில்லை. தலைப்புப் பிழைத்தாலோ ஊரே திரும்பிப் பார்க்கிறது.

ஓய்வு வேளைகளில் நான் ஒரு விளையாட்டு ஆடுவதுண்டு. பொய்த்துப் போன பழைய தலைப்பொன்றை எடுத்துக்கொண்டு, ‘இது மெய்யாகவே இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?’ என்று கற்பனை செய்வதே அவ்விளையாட்டு.

1835 ஆகஸ்டு 25 அன்று நியூயார்க் நகரத்துச் ‘சன்’ பத்திரிகை ஒரு கட்டுரைத் தொடரைத் தொடங்கிற்று. வானநூல் அறிஞர் சர் ஜான் ஹெர்ஷல் அக்காலத்தில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தங்கி விண்மீன்களை ஆராய்ந்து வந்தார். அது மெய். அவருடைய மாபெரும் தொலைநோக்கியில் சந்திரனின் காடுகளும், இரண்டு கால்களால் நடக்கும் விலங்குகளும், வௌவாலின் சிறகுகளையுடைய மனிதர்களும் தென்பட்டதாகப் பத்திரிகை எழுதியது. அது முழுப் பொய். ஹெர்ஷலுக்கே பிறகுதான் சங்கதி எட்டியது.

அது மெய்யாக இருந்திருந்தால்? 1969-இல் ஆம்ஸ்ட்ராங் சந்திரனில் முதல் அடி வைத்தபோது, ‘வாசலில் காலணியைக் கழற்றுக’ என்று அம்மக்கள் தடுத்திருப்பார்கள். 2023 ஆகஸ்டு 23 அன்று நமது சந்திரயான்-3 இறங்கியபோது, இறங்கிய மனைக்குப் பட்டா யார் பெயரில் என்ற வழக்கு எழுந்திருக்கும். எங்கள் அலுவலகத்துக்கும் ஒரு கோப்பு வந்திருக்கும்: ‘சந்திர மொழி அறிந்த இளநிலை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவை. தலைகீழாகத் தொங்கியபடி தட்டச்சுச் செய்யும் பயிற்சி விரும்பத்தக்கது.’

அடுத்தது, உலகப் புகழ் பெற்ற பிழை. 1948 நவம்பர் 3-ஆம் தேதியிட்ட ‘சிக்காகோ டெய்லி டிரிப்யூன்’ பத்திரிகை, ‘டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டது. அச்சுக் கோப்போர் வேலைநிறுத்தம் செய்திருந்தமையால், பக்கங்களை வழக்கத்தைவிடச் சில மணி நேரம் முன்னதாகவே ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது. வாக்குகள் எண்ணி முடியவில்லை. கருத்துக் கணிப்புகளோ டூயியின் வெற்றியை முன்னரே தீர்மானித்து விட்டன. ஏறத்தாழ 1,50,000 பிரதிகள் வெளியேறின. விடிந்தபோது ட்ரூமன் 303 தேர்வாளர் வாக்குகளும் டூயி 189-உம் பெற்றிருந்தனர். செயின்ட் லூயி ரயில் நிலையத்தில் ட்ரூமன் அப்பத்திரிகையை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கும் புகைப்படம் இன்றும் உலவுகிறது.

அத்தலைப்பை டூயி நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெட்டி படுக்கையுடன் வெள்ளை மாளிகை வாயிலை அடைந்து, பத்திரிகையை அத்தாட்சியாக நீட்டியிருப்பார். காவலாளி அதைப் பொறுமையுடன் வாசித்து, ‘ஐயா, அடுத்த பதிப்பைக் கொண்டு வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பியிருப்பான்!

அயல்நாட்டுப் பத்திரிகைகளை மட்டும் நகையாடுதல் முறையாகாது. 1979 மார்ச் 22 அன்று, ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமானார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் மக்களவையில் அறிவித்தார். வானொலியும் அத்துயரச் செய்தியைப் பரப்பியது. ஜே.பி.யோ பம்பாய் மருத்துவமனையொன்றில் உயிருடன் இருந்தார். அவ்வாண்டு அக்டோபர் 8 அன்றுதான் அவர் மறைந்தார். தம்மைக் குறித்த இரங்கலுரைகளைத் தாமே வாசித்து, ‘இவ்வளவு அன்பை நேற்றே காட்டியிருக்கலாமே’ என்று அவர் கேட்டிருந்தால் நாம் என்ன விடை இறுத்திருப்போம்?

இதுகாறும் சிரித்தோம். என் விளையாட்டு ஓரிடத்தில் நின்றுவிடும். 1912 ஏப்ரல் 15 அன்று நியூயார்க்கின் ‘ஈவினிங் சன்’, ‘மோதலுக்குப் பின் டைட்டானிக் பயணிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர்’ என்று தலைப்பிட்டது. கப்பல் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு இழுத்து வரப்படுகிறது என்றும் சொல்லிற்று. அன்று அதிகாலை 2.20 மணிக்கே டைட்டானிக் கடலடியை நோக்கிச் சென்றுவிட்டது. சுமார் 1,500 பேர் மாண்டனர். வேறொரு கப்பலைப் பற்றிய கம்பியில்லாத் தந்தி இதனோடு கலந்து போனதே குழப்பத்துக்குக் காரணம் என்பர்.

இங்கே நான் கற்பனை செய்ய வேண்டிய தேவையே இல்லை. அச்செய்தி மெய்யானால் என்ன நடக்க வேண்டுமோ, அது நடந்தது. பயணிகளை அழைத்து வர ஹாலிஃபாக்ஸை நோக்கிச் சிறப்பு ரயில் புறப்பட்டது; உண்மை தெரிந்தபின் பாதி வழியில் திரும்பிற்று. அந்த மாலையில் தலைப்பைப் படித்து நிம்மதியாக உண்டு உறங்கிய குடும்பங்கள் எத்தனையோ! பொய்த் தலைப்பு முதலில் நம்பிக்கையைத் தந்தது. பிறகு அதையே பறித்தது. துயரத்தை இருமடங்காக்க அதனினும் கொடிய வழி உண்டோ?

இத்தலைப்புகளைத் தமிழாக்கிப் பார்த்தபோது ஒன்று எனக்குப் புலப்பட்டது. ஆங்கிலத்தில் கண்டதையும் கேட்டதையும் ஒரே வினையால் சொல்லிவிடலாம். வேறுபாடு காட்ட விரும்பினால் தனியே சில சொற்கள் சேர்க்க வேண்டும். நமக்கோ இரண்டே எழுத்துகள் போதும். ‘தோற்கடித்தாராம்’, ‘காலமானாராம்’, ‘காப்பாற்றப்பட்டனராம்’. தனித்து நின்றால் உடன்பாட்டைச் சொல்லும் ‘ஆம்’, வினையின் வாலில் ஒட்டிக்கொண்டால், ‘நான் கண்டதன்று, கேட்டது’ என்று அடக்கத்துடன் ஒதுங்கி நிற்கிறது. ஆயினும் நம் பத்திரிகைகளும் தலைப்பில் பெரும்பாலும் அதைச் சேர்ப்பதில்லை. இடம் போதாது என்பார்கள் போலும்!

ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு இது வெறும் இலக்கண ஆராய்ச்சியன்று. நாம் ஊரை அறிவதும், ஊர் நம்மை அறிவதும் தலைப்புகள் வழியேதான். ஒரு பனிக்காலத்தில் ‘தில்லியின் காற்று நஞ்சாயிற்று’ என்று படித்த என் தாயார் கும்பகோணத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, “மூச்சு விடுகிறாயாடா, அப்பா?” என்று கேட்டார். “விடாமலா பேசுகிறேன், அம்மா!” என்று சிரித்தேன்.

பின்னொரு மாரிக்காலத்தில் ‘காவிரிப் படுகை மூழ்கியது’ என்ற தலைப்பை நான் இங்கே கண்டேன். தாயார் அண்டாவில் அமர்ந்து கூடத்தில் மிதப்பதாகவே மனம் சித்திரம் தீட்டிவிட்டது. கைநடுங்க அழைத்தேன். “நம் வாசலில் கணுக்காலளவு நிற்கிறது. மேலத் தெருவில் இடுப்பளவாம், நான் போய்ப் பார்க்கவில்லை” என்றார்.

தாம் கண்டதற்கு அவர் ‘ஆம்’ சேர்க்கவில்லை. காணாததற்குச் சேர்த்தார். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர் அவர். அன்று என் மேசைமீதிருந்த பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, மேலத் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினேன்.