திரையில் ஓடும் ரயிலும் தொலைவில் தெரியும் கைகாட்டியும்

ரயிலில் பயணம் செய்யாதவர் நம்மில் அரிது. ஆனால் எஞ்சினில் நின்றுகொண்டு, முன்னே விரியும் இருப்புப்பாதையைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. அந்தக் காட்சியை வீட்டு மேசைக்குக் கொண்டுவருவதுதான் ரயில் சிமுலேட்டர். கணிப்பொறித் திரையில் பாதை விரியும். விசைப்பலகையே பிரேக்காகவும் விசை நெம்பாகவும் மாறும்.

இதில் ஆர்வம் கொள்ளும் மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்? எந்த அமைப்பை உயர்த்தலாம், எதைக் குறைக்கலாம்?" என்பதுதான். விலைப்பட்டியலை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல இயலாது. இந்தக் கருவி வளர்ந்த கதையைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால் விடை தானே புலப்படும்.

கோடுகளால் ஆன ரயில்

1985-இல் இங்கிலாந்தில் ஹியூசன் நிறுவனம் 'சதர்ன் பெல்' என்ற புரோகிராமை வெளியிட்டது. லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து பிரைட்டன் வரை நீராவி ரயிலை ஓட்டிச் செல்லலாம். அது ஓடிய கணிப்பொறிகளுள் ஒன்று இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம். அதன் நினைவகம் 48 கிலோபைட். திரையில் குறுக்கே 256, நெடுக்கே 192 படப்புள்ளிகள். தனியாகப் படம் வரையும் கார்டு கிடையாது. கொதிகலனின் கணக்கைப் போடுவதும் படத்தை வரைவதும் ஒரே பிராசசரின் வேலை. ஆகவே பாலமும் நிலையமும் வெறும் கோடுகளாகவே தெரிந்தன.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். திரை நம் முன்னே 60 பாகை அகலக் காட்சியைக் காட்டுவதாகக் கொள்வோம். குறுக்கே 256 புள்ளிகள் என்றால், ஒரு புள்ளியின் பங்கு சுமார் 0.23 பாகை. 800 மீட்டர் தொலைவில் இது 3.3 மீட்டர் அகலத்துக்குச் சமம். சிக்னல் விளக்கின் கண்ணாடியோ சுமார் 20 செ.மீ. குறுக்களவுதான். யானை புகும் அகலத்தை ஒரே புள்ளியில் அடக்கும் திரையில் சிறு விளக்கு எப்படித் தெரியும்? ரயில் சிமுலேட்டரின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

பிலிம் காட்டிய வழி

ஜப்பானின் ஓங்ககுகான் நிறுவனம் 1995-இல் வேறொரு வழியைக் கையாண்டது. உண்மையான பாதையை எஞ்சினிலிருந்து படம் பிடித்து, ரயிலின் வேகத்துக்கேற்ப அப்படத்தை விரைவாகவோ மெதுவாகவோ ஓட்டியது. காட்சி தத்ரூபமாக இருந்தது. ஆனால் படம் பிடித்த அன்று பச்சை காட்டிய சிக்னலை இன்று சிவப்பாக்குவது எளிதன்று. வேறு தண்டவாளத்துக்குத் திரும்பவும் முடியாது. விரும்பியபடி உலகை மாற்ற வேண்டுமானால், ஒவ்வொரு காட்சியையும் கணக்கிட்டே வரைய வேண்டும்.

அந்தக் கணக்கின் பெரும்பகுதியைப் பிராசசரின் தோளிலிருந்து இறக்கியவை முப்பரிமாண கிராஃபிக்ஸ் கார்டுகள். 1996-இல் வந்த 3டி.எஃப்.எக்ஸ். நிறுவனத்தின் 'வூடூ' கார்டு, பரப்புகளுக்கு வண்ணமும் தோற்றமும் பூசும் வேலையை ஏற்றது. 1999-இல் வந்த என்விடியாவின் 'ஜிஃபோர்ஸ் 256', பொருள்களின் இடத்தையும் அவற்றின் மேல் விழும் ஒளியையும் கணக்கிடும் வேலையையும் சேர்த்து ஏற்றது.

இரண்டு கிலோமீட்டர் உலகம்

இந்தப் பின்னணியில் 2001-இல் மைக்ரோசாஃப்டின் 'டிரெயின் சிமுலேட்டர்' வெளிவந்தது. இங்கிலாந்து, ஆஸ்திரியா, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆறு பாதைகள் அதில் இருந்தன. நிலம், மரம், கைகாட்டி எல்லாம் கணக்கிட்டு வரையப்பட்டவை. ஆனால் காட்சித் தொலைவுக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது: 2,000 மீட்டர். அதற்கப்பால் உலகம் வரையப்படவில்லை.

அமெரிக்காவின் வடகிழக்குப் பாதையில் ஓடும் அசெலா ரயிலும் அதில் உண்டு. அப்போது அதன் உச்ச வேகம் மணிக்கு சுமார் 240 கி.மீ.; அதாவது வினாடிக்கு 66.7 மீட்டர். 2,000 மீட்டரை அது 30 வினாடியில் கடந்துவிடும். வினாடிக்கு வினாடி 0.8 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால், ரயில் நிற்க ஏறக்குறைய 2,780 மீட்டர் தேவை. கண்ணுக்குத் தெரியும் உலகைவிட நிற்கத் தேவையான தூரம் அதிகம்! உண்மை ரயிலிலும் இவ்வளவு வேகத்தில் கண்ணை மட்டும் நம்பி ஓட்டுவதில்லை. சிக்னலின் நிலை எஞ்சினுக்குள்ளேயே காட்டப்படுகிறது. ஆக, காட்சித் தொலைவு என்பது அழகுக்கான அமைப்பு மட்டுமன்று, பிரேக்கோடு தொடர்புடையது.

இதே பாதைகளை ஓட்டுவதற்காக ஆர்வலர்கள் உருவாக்கிய 'ஓப்பன் ரெயில்ஸ்' என்ற இலவச மென்பொருளின் முதல் முழுப் பதிப்பு 2014-இல் வந்தது. அதில் 2 கி.மீ. எல்லையைத் தாண்டிப் பார்க்கலாம். சிக்னல் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் சேர்க்கும் அமைப்பும் உண்டு. இதற்கும் காரணம் இருக்கிறது. குறுக்கே 1,920 புள்ளிகள் கொண்ட திரையில்கூட, 800 மீட்டரில் ஒரு புள்ளி 44 செ.மீ. அகலத்தைக் குறிக்கும். விளக்கு அதில் பாதியளவுகூட இல்லை. வானத்து விண்மீன் எவ்வளவு சிறு புள்ளியாயினும் தன் ஒளியால் நம் கண்ணுக்குத் தெரிகிறது. திரைக்கு அந்த ஒளிவன்மை இல்லாததால், அளவைப் பெருக்கி ஈடுசெய்கிறார்கள்.

தண்டவாளம் செய்யும் தொல்லை

ரயில் காட்சியில் மெல்லிய கோடுகள் ஏராளம். தண்டவாளத்தின் தலைப்பகுதி சுமார் 7 செ.மீ. அகலம். மேற்சொன்ன திரையில் 200 மீட்டருக்கு அப்பால் ஒரு புள்ளிக்கு 11 செ.மீ. பங்கு. புள்ளியைவிட மெல்லிய பொருள் சில இடங்களில் பிடிபடும், சில இடங்களில் தவறிப்போகும். தண்டவாளமும் மின்கம்பியும் படிக்கட்டுபோல் உடைந்து மினுமினுப்பது இதனால்தான். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் பல இடங்களில் வண்ணத்தை எடுத்துக் கலந்து கொடுப்பது 'ஆன்டி-ஏலியாசிங்' அமைப்பு. சாய்வாகப் பார்க்கப்படும் சரளைக்கல் பரப்பு கலங்கலாகாமல் காப்பது 'ஆனிசோட்ரோபிக்' அமைப்பு. ரயிலுக்கு இவ்விரண்டும் மிகவும் அவசியம்.

சிலிப்பர் கட்டைகள் வேறொரு வேடிக்கை காட்டும். அவை 60 செ.மீ. இடைவெளியில் இருப்பதாகக் கொள்வோம். வினாடிக்கு 30 படங்கள் வரையும் திரையில், ரயில் மணிக்கு சுமார் 65 கி.மீ. வேகத்தில் செல்லும்போது, ஒவ்வொரு படத்துக்கும் ரயில் சரியாக ஒரு கட்டை முன்னேறும். கட்டைகள் நின்றுவிட்டதுபோல் தோன்றும்! சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதும் இதே தத்துவத்தால்தான். வினாடிக்கு 60 படங்கள் என்றால் இது 130 கி.மீ. வேகத்தில் நிகழும்.

கொத்தனாரும் சித்தாளும்

விலையுயர்ந்த கார்டு வாங்கியும் காட்சி திக்கித் திணறுகிறது என்று பலர் குறைபடுவதுண்டு. கொத்தனார் எவ்வளவு வேகக்காரராக இருந்தாலும், சித்தாள் கல் எடுத்துத் தராவிட்டால் அவர் சும்மா நிற்க வேண்டியதுதான். இங்கே கார்டு கொத்தனார், பிராசசர் சித்தாள். "இந்தக் கம்பத்தை வரை, இந்த வேகனை வரை" என்று பொருள் பொருளாகப் பிராசசரே கட்டளை தர வேண்டும். பெரிய நிலைய யார்டில் இத்தகைய கட்டளைகள் ஆயிரக்கணக்கில் குவிகின்றன.

நினைவகத்திலும் இத்தகைய இடுக்கு இருந்தது. 32 இரும எண்களால் முகவரியிடும் புரோகிராம் 4 ஜிகாபைட்டுக்கு மேல் எட்டாது. பிரிட்டனின் டவ்டெயில் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட 'டிரெயின் சிமுலேட்டர் 2019' தான் அத்தொடரில் 64 இரும எண் முறைக்கு மாறியது. அதுவரை கணிப்பொறியில் 16 ஜிகாபைட் இருந்தாலும் அந்தத் தடை தடையே.

எது சித்தாளின் தாமதம், எது கொத்தனாரின் தாமதம் என்று அறிய எளிய சோதனை உண்டு. திரையின் புள்ளி எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள். வினாடிக்கு வரும் படங்கள் கூடினால் தாமதம் கார்டில். கூடாவிட்டால் பெரும்பாலும் பிராசசரில். பின்னதில் புதிய கார்டு வாங்குவது வீண் செலவு. பொருள்களின் அடர்த்தியைக் குறைப்பதே மருந்து.

சாதாரணக் கணிப்பொறி வைத்திருக்கும் மாணவர் மனந்தளர வேண்டியதில்லை. படங்கள் வினாடிக்கு 30 என்று சீராக வரட்டும். 60-க்கும் 35-க்கும் இடையே ஊசலாடுவதைவிட அது மேல். அடுத்து காட்சித் தொலைவு, அதன்பின் புள்ளிகளின் எண்ணிக்கை, பிறகு ஆன்டி-ஏலியாசிங். நிழலையும் நீரில் தெரியும் பிம்பத்தையும் தயங்காமல் குறைக்கலாம். மரத்தின் நிழல் இல்லாவிட்டாலும் ரயில் ஓடும். கைகாட்டி தெரியாவிட்டால் அதை நிறுத்த முடியாது. ஓட்டுநருக்கு எது தெரிய வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டால், கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை பாதியாகக் குறைந்துவிடும்.