தேக்கியோன்: கொரியாவின் ஆடும் சண்டைக்கலை

கொரியா என்றதும் நமக்கு டேக்வாண்டோதான் ஞாபகம் வரும். அதைவிடப் பழைய கலை ஒன்று அங்கே இருக்கிறது. பெயர் தேக்கியோன். முதன்முதலில் பார்த்தால் இது சண்டையா, நடனமா என்று சந்தேகமே வந்துவிடும்!

இது எப்போது தோன்றியது? பழைய கோகுர்யோ அரசின் கல்லறைச் சுவரோவியங்களைக் காட்டி "இதோ தேக்கியோன்" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரண்டு பேர் கையை நீட்டி எதிரெதிரே நின்றால் அது எந்தச் சண்டையாகவும் இருக்கலாமே. நம்பக்கூடிய சான்றுகள் ஜோசன் அரசின் பிற்காலத்தில்தான் கிடைக்கின்றன. யூ சுக் 1846-ல் வரைந்ததாகக் கருதப்படும் ஓவியத்தில் இருவர் மல்யுத்தம் செய்கிறார்கள், இருவர் தேக்கியோன் ஆடுகிறார்கள், சுற்றிலும் ஊரே வேடிக்கை பார்க்கிறது. போர்ப்பயிற்சியை விட இது ஊர் விளையாட்டாகவே வளர்ந்தது என்று தோன்றுகிறது.

பயிற்சி காலில் தொடங்குகிறது. 'பும்பால்கி' என்னும் மூன்று தாள நடைதான் முதல் பாடம். தரையில் ஒரு முக்கோணம் இருப்பதாக நினைத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி நிமிர்த்தி, இடுப்பை அசைத்து, மாறி மாறி அடியெடுத்து வைக்க வேண்டும். இது உடம்பில் ஊறாமல் உதை வராது. எதிராளியின் காலைத் தட்டி விழவைத்தாலோ, முகத்தில் உதைத்தாலோ வெற்றி. ஆனால் காயப்படுத்தும்படி குத்தி உதைக்கக் கூடாது, தள்ளுவது போல உதைக்க வேண்டும். அதைவிட வேடிக்கை, எதிராளிக்கு எட்டும்படி ஒரு காலை நாமே முன்னால் வைக்க வேண்டும் என்ற விதி. எட்ட நின்று தப்பிக்க வழியே இல்லை! நடுநடுவே "இக்", "ஏக்" என்று குரல் வேறு.

1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சியில் இந்தக் கலை ஏறக்குறைய அழிந்துபோனது. மிஞ்சியவர் 1893-ல் பிறந்த சோங் தொக்-கி. சிறுவயதில் சியோலில் இம் ஹோ என்பவரிடம் கற்றவர். டேக்வாண்டோ என்ற பெயர் 1955-ல்தான் வந்தது. அதை உருவாக்கியவர்களில் பலர் ஜப்பானிய கராத்தே கற்றவர்கள். இரண்டு பெயர்களும் ஒலியில் நெருங்கியிருப்பதால் டேக்வாண்டோவை தேக்கியோனின் நேர் வாரிசு என்று நினைத்துவிடுகிறோம்.

சோங்கிடம் கற்ற ஷின் ஹான்-சுங், ஏட்டில் இல்லாத இந்த விளையாட்டுக்கு ஒரு பாடத்திட்டம் வகுத்தார். அந்த ஒழுங்குமுறை சோங் ஆடிய பழைய ஆட்டத்தை மாற்றிவிட்டதா என்ற வாதம் இன்றும் தீரவில்லை. பல சங்கங்கள், சற்றே வேறுபட்ட விதிகள் என்று பிரிந்து நிற்கிறார்கள். 1983-ல் தென்கொரிய அரசு இதை 76-வது முக்கிய கலாச்சாரச் சொத்தாக அறிவித்தது. 2011-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. அதைப் பார்க்க இருவருமே இல்லை. ஆசிரியரும் மாணவரும் 1987-லேயே காலமாகிவிட்டார்கள்.