படைவீரர்க்குப் பிகில் வணக்கம்

நம் திண்டுக்கல் நகரத்தினின்றும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களினின்றும் பட்டாளத்திற் சேர்ந்து, ஊழியக் காலம் கழிந்து, உபகாரச் சம்பளத்துடன் ஊர் வந்து சேர்ந்தோர் நம் சமூகத்தாருட் பலர் உளர். அவருள் முதியோர் சிலர் அண்மையில் நம்மிடம் வந்து ஒரு விண்ணப்பம் செய்துகொண்டனர். பட்டாளத்தில் உடனிருந்தான் ஒருவன் இறந்துபடின் பிகில் ஊதி அவனுக்கு விடைகொடுப்பது வழக்கம். ஊர் வந்தபின் இறப்போர்க்கோ பெரும்பாலும் அஃது வாய்ப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு நாளேனும் நம் மயானத்தில் இறந்த படைவீரர் யாவர்க்குமாக அவ்வணக்கத்தை நடத்திவைக்க நம் சங்கம் முன்வரலாகாதா என்பதே அவர்தம் வேண்டுகோள்.

கேட்டமாத்திரத்தில் எல்லோரும் உடன்பட்டனர் என்று எழுத நமக்கு ஆசைதான், நடந்தது அஃதன்று. அது வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற வழக்கம், நமக்கெதற்கு என்றார் ஒருவர். சமாதி வைத்துக் காப்பவர்க்கன்றோ அச்சடங்கு, உடலை எரித்துச் சாம்பலை ஆற்றில் விடும் நமக்கு எவ்விடத்தில் நின்று ஊதுவது என்றார் மற்றொருவர். ஊதுவதற்கு ஆள் ஏது, கைப்பேசியில் அவ்வொலி கிடைக்கும், ஒலிபெருக்கியில் வைத்தாற் போயிற்று என்றார் ஓர் இளைஞர். இம்மூன்றும் எளிதில் தள்ளத்தக்க தடைகள் அல்ல. ஆகலின், இவ்வழக்கத்தின் வரலாற்றை நாம் அறிந்த அளவில் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பிகில் என்னுஞ் சொல் இப்போது கொட்டகையில் சீழ்க்கையடிப்பாரைச் சுட்டும் அளவுக்கு இழிந்துவிட்டது. ஆயினும் அஃது பட்டாளத்து ஊதுகருவியின் ஆங்கிலப் பெயர் நம் நாவில் திரிந்ததேயாம். அவ்வாங்கிலச் சொல்லோ இளங்காளையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. மாட்டின் கொம்பைக் குடைந்து ஊதிய காலத்து நினைவு அதிலுள்ளது. நாமும் நம் ஊதுகருவியைக் கொம்பு என்றே வழங்குகின்றோம் அன்றோ! நாகசுரத்துக்குள்ள துளைகள் பிகிலுக்கு இல்லை; விரலுக்கு அங்கே வேலையே கிடையாது. இதழும் மூச்சும் மாத்திரமே கொண்டு ஏறக்குறைய ஐந்து ஸ்வரங்களை எழுப்ப வேண்டும். முரசம் கொட்டியே கட்டளை தெரிவித்துவந்த ஐரோப்பியக் காலாட்படைகளில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலாகப் பிகில் சிறிது சிறிதாக இடம் பெறலாயிற்று.

இறந்தோர்க்கு ஊதப்படும் ஒலிக்கு ‘லாஸ்ட் போஸ்ட்’ என்று பெயர். கடைசிக் காவலிடம் என்பது பொருள். பாளையத்தில் இரவு தொடங்குங்கால் அதிகாரி ஒருவர் காவலிடந்தோறும் சென்று, காவலாளர் நிலைகொண்டனரா எனப் பார்ப்பார். முதற் காவலிடத்தில் ஓர் ஒலியும் கடைக் காவலிடத்தில் ஓர் ஒலியும் எழும். பின்னது கேட்டதும் சிப்பாய்கள் உறங்கச் செல்வர். இஃது ஆதியில் சாவுக்குரிய ஒலியன்று. அன்றைய கடமை முடிந்தது, இனி இளைப்பாறுக என்பதே அதன் கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் அது சவ அடக்கத்தில் ஊதப்படலாயிற்று. அமெரிக்காவிலும் இவ்வாறே. 1862 ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரின்போது வர்ஜீனியாவில் பட்டர்பீல்டு என்னும் தளபதி உறங்குங்கால் ஒலியாகத் திருத்தியமைத்த 24 ஸ்வரமுள்ள ‘டாப்ஸ்’, அவ்வாண்டிலேயே ஒரு வீரனது அடக்கத்திலும் ஊதப்பட்டது.

இனி முதல் தடையை நோக்குவோம். கருவி அந்நியமாயினும், இறந்த வீரன் முன் ஊர் கூடி நிற்றலும் அவனை வாழ்த்தலும் நமக்கு அந்நியமல்ல. வீரனுக்குக் கல்லெடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துச் சொல்கின்றது. இஃது எங்கோ தொலைவிலுள்ள செய்தியன்று. 2006 ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தனர். நம் மாவட்டத்துத் தாதப்பட்டியிலும் அத்தகைய கல்லொன்று கிடைத்துள்ளது. புலிமான்கோம்பைக் கல்லொன்று கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த ஒருவனைப் பேர் சொல்லிக் குறிக்கின்றது. அவன் மன்னனல்லன், படைத்தலைவன் என்றும் கல் சொல்லவில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அவன் பேர் இருக்கின்றது!

நம் மலைக்கோட்டையின் அடிவாரத்தை எண்ணுங்கள். மதுரை நாயக்கர் எடுப்பித்த அக்கோட்டைக்கு 1755 இல் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்து, பிரெஞ்சுத் தொழிலாளரைக் கொண்டு படைக்கலச்சாலை அமைத்தான். 1790 இல் கர்னல் ஸ்டூவர்ட் கோட்டையைப் பிடித்தான். 1792 இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இச்சீமை கும்பினியார்க்கு உரியதாயிற்று. பாளையக்காரரைத் திரட்டி அவரை எதிர்த்த விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801 இல் தூக்கிலிடப்பட்டார். இத்தனை படைகளும் மோதிய இந்நிலத்தில், கும்பினிக் கொடியின்கீழ் நின்று மடிந்தவனும் அதனை எதிர்த்து மடிந்தவனும் பெரும்பாலும் இம்மண்ணில் பிறந்த நம்மவரே. அவர்தம் பேரெல்லாம் எங்கே?

இரண்டாந் தடை எரிப்போர்க்குச் சமாதி ஏது என்பது. இதற்கு விடை இங்கிலாந்து தேசத்துப் பிரைட்டன் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு குன்றின்மேல் இருக்கின்றது. முதல் உலகப் போரில் பிரான்ஸ் தேசத்துப் போர்க்களத்திற் காயமுற்ற இந்தியச் சிப்பாய்கள் பிரைட்டன் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே உயிர்நீத்த இந்துக்களும் சீக்கியருமாகிய 53 பேரை அக்குன்றின்மேல் தகனஞ் செய்தனர். சாம்பல் கடலில் இடப்பட்டது. புதைத்த குழி என ஒன்றுமில்லை. ஆயினும் சிதையெரிந்த அவ்விடத்திலேயே வெண்சலவைக் கல்லால் ஒரு சத்திரி எழுப்பி 1921 பெப்ரவரி முதல் நாள் திறந்துவைத்தனர். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அங்கே மக்கள் கூடி மலர்வளையம் வைக்கின்றனர், பிகில் ஊதப்படுகின்றது. ஆகவே, ஊதுவதற்கு எலும்பு இருக்க வேண்டுவதில்லை. இடமும் நினைவும் இருந்தாற் போதும்.

ஆனால் அச்சத்திரியிலும் ஒரு குறை நெடுங்காலம் இருந்தது. அந்த 53 பேரின் பேர் அங்கே பொறிக்கப்படவில்லை. 2010 ஆம் ஆண்டிலேதான், ஏறக்குறைய 90 ஆண்டு கழித்து, பேர்களைத் தாங்கிய கற்சுவர் அதனருகே எழுந்தது. இதனினும் வருந்தத்தக்கது பஸராவின் செய்தி. மெசபொட்டேமியாப் போரில் மாண்டு, அறியப்பட்ட சமாதியில்லாத 40,000 பேருக்கு மேற்பட்டோர்க்காக 1929 இல் அங்கே ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அதில் வெள்ளைச் சிப்பாய்க்குப் பேர் உண்டு. இந்திய அதிகாரிக்கும் பேர் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கோ, இன்ன ரெஜிமெண்டில் இத்தனை பேர் என்று தொகை மாத்திரம்! பதவியாலும் இனத்தாலும் மதத்தாலும் வேற்றுமை பாராட்டோம் என்று கூறித் தொடங்கிய போர்ச் சமாதிக் கமிஷனாரே இவ்வாறு செய்தனர். அவர்வழி வந்த கமிஷன் 2021 ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியருமாகியோர் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பேரால் நினைக்கப்படாமலோ முற்றும் மறக்கப்பட்டோ விடப்பட்டனர் என்று ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது.

நம் நாட்டு ஊர்கள் பலவற்றில் சாவடிச் சுவரிலோ பள்ளிச் சுவரிலோ பதித்த சிறு சலவைக்கல்லைச் சிலர் பார்த்திருக்கக் கூடும். இவ்வூரினின்று பெரிய யுத்தத்துக்கு இத்தனை பேர் சென்றனர், அவருள் இத்தனை பேர் உயிர் கொடுத்தனர் என்று அது கூறும். அங்கும் தொகையே. கல்லைப் பதித்த காலத்தில் அவ்வூரார்க்குப் பேர் தெரிந்தே இருந்திருக்கும். எழுதுவானேன் என்று விட்டிருப்பர். இன்றோ பேரன்மார்க்கும் தெரியாது.

மூன்றாந் தடைக்கு வருவோம். ஆளில்லாவிடத்து இயந்திரத்தால் ஒலிப்பிக்கலாமா? இவ்வினா நமக்கு மாத்திரம் எழுந்ததன்று. அமெரிக்காவில், இறந்த முன்னாள் படைவீரர் எவர்க்கும் அவர் குடும்பத்தார் கேட்பின் கொடியும் டாப்ஸ் ஒலியும் தரவேண்டுமென்று 2000 ஆம் ஆண்டு முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் நின்றோர் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் இறந்துகொண்டிருந்த காலம் அது, ஊதுவார் போதவில்லை. ஆகவே பிகிலின் வாய்க்குள் ஒலிப்பதிவுக் கருவியொன்றைப் பொருத்தி, விசையை அழுத்திவிட்டு ஒருவன் ஊதுவான்போல் வாயில் வைத்து நிற்கும்படி செய்தனர். ஒலி பிசகாது, ஸ்வரம் வழுவாது. ஆயினும் அதனைக் கேட்டு மனம் பொறாதோர் பலர். பிகில் ஊதத் தெரிந்த குடிமக்கள் தாமாகக் கூடி, ஊதியம் வேண்டாது அடக்கத்துக்கு வந்து ஊதிக்கொடுக்கும் சங்கமொன்றும் அதே 2000 ஆம் ஆண்டில் அங்கே தோன்றிற்று.

பெல்ஜியத்து ஈப்ர நகரின் செய்தி இன்னும் நமக்கு நெருக்கமானது. 1914 இலும் 1915 இலும் இந்தியச் சிப்பாய்கள் நின்று பொருத களம் அது. ஆங்கே மெனின் வாயில் என்னும் பெருவாயில், சமாதி காணப்பெறாத 54,000 பேருக்கு மேற்பட்டோரின் பேர் தாங்கி 1927 ஜூலையில் திறக்கப்பட்டது. அப்பேர்களுள் நம் நாட்டார் பேரும் உண்டு. மறுவருஷம் ஜூலை 2 ஆம் நாள் முதல் அந்தியில் அங்கே லாஸ்ட் போஸ்ட் ஊதத் தொடங்கினர். குளிர்காலத்தில் நின்றும் மீண்டும் தொடங்கியும் வந்த அவ்வழக்கம், 1929 நவம்பர் 11 முதல் நாள் தவறாது இரவு 8 மணிக்கு நடைபெறுவதாயிற்று. ஊதுவோர் யார்? பட்டாளத்தாரல்லர். அவ்வூர்த் தீயணைப்புப் படையில் தொண்டு செய்யும் குடிமக்கள். பகலில் தத்தம் தொழிலைச் செய்துவிட்டு இரவில் பிகிலெடுத்து வருவோர். 1940 மே 20 இல் ஜெர்மானியர் படையெடுப்பால் ஊதல் நின்றது. 1944 செப்டம்பர் 6 இல் போலந்துப் படை ஊருக்குள் புகுந்த அன்று அந்தியிலேயே, நகரின் வேறு பகுதியில் சண்டை முற்றும் ஓயுமுன்னரே, மீண்டும் ஊதினர். 2015 ஜூலையில் 30,000 ஆவது முறை நிறைவேறிற்று. ஒரு சிற்றூருக்குச் சமமான நகரத்தார் தம் மூச்சினால் இதனைக் காத்து வருவது கண்டு, நாம் கைப்பேசியைத் தேடுவது நாணத்தக்கதாகத் தோன்றுகின்றது. ஊதுபவன் ஒரு ஸ்வரத்தைத் தவறவிடினும் விடுக. நெஞ்சு தழுதழுத்தவன் வாயில் அது நேர்வதே.

நம் நகரத்தில் ஆள் இல்லாமலும் இல்லை. 1959 ஆம் ஆண்டு அக்டோபர் 21 இல் லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் மாண்ட 10 காவலரின் நினைவாக ஆண்டுதோறும் போலீஸார் நடத்தும் நினைவு நாளில் பிகில் ஊதப்படுவதை யாவரும் அறிவர். ஆயுதப்படையாரிடம் ஊதுவார் உளர். தேசிய மாணவர் படையிற் பயிலும் பிள்ளைகளும் உளர். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக மாவட்ட அதிகாரிகளை நம் சங்கம் முறைப்படி வேண்டிக்கொள்ளலாம். அதனினும் நன்று, நம் பிள்ளைகளில் இருவர்க்கு ஓய்வுபெற்ற பட்டாளத்து வாத்தியக்காரர் ஒருவரைக் கொண்டு கற்பித்தல். பூட்டுக்குப் பேர்பெற்ற இவ்வூரில், சாவியில்லாத இக்கருவியைப் பழக ஆறு மாதம் பொறுக்கும் இளைஞர் இருவர் கிடையாரா?

இனி, எவரும் வாய்விட்டுச் சொல்லாத நான்காந் தடை ஒன்றுண்டு. அதனை நாமே சொல்லிவிடுகின்றோம். மயானம் நம்முடையது, படிக்கப்படும் பேர்கள் நம்மவர் பேராக மாத்திரம் இருக்க வேண்டுமா? மற்றைய சமூகத்தாரின் மயானத்திலும், முஸ்லிம்களின் அடக்கத்தலத்திலும், கிறிஸ்தவர் கல்லறையிலும் உள்ள படைவீரர்க்கு அவ்வவரே செய்துகொள்ளட்டும் என்று எண்ணுவோர் நம்முள் இருப்பர். மதராஸிகள் போருக்கு ஆகாதவர் என்று வடநாட்டுச் சில வகுப்பாரையே போர்க்குலம் எனக் கொண்டாடிய ஆங்கில அதிகாரிகளால் நம் தென்னாட்டுப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டு, 1928 இல் மூன்றாம் மதராஸ் ரெஜிமெண்டின் கடைசிக் காலாட்படைப் பிரிவும் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் மூண்டபின் 1941 முதல் அது மீண்டும் எழுந்தபோது, தென்னாட்டார் பல வகுப்பினரும் ஒரே கொட்டாரத்தில் உண்டு உறங்கினர். பர்மாக் காட்டிலும் ஒருங்கே மாண்டனர். இன்ன குலத்தான் வீரன், இன்ன குலத்தான் அல்லன் என்ற கணக்கால் நாம் ஒருமுறை இழிவுபட்டோம். பஸராவில் ஒரு சாராரின் பேரை விட்டவரைக் குறைகூறிய அதே வாயால், நம் ஊர்ப் பட்டியலில் ஒரு சாராரின் பேரை நாம் விடுவது எங்ஙனம் பொருந்தும்? நம் கருத்து, இடம் நம்மதாயினும் பட்டியல் ஊரினது ஆகவேண்டும் என்பதே. சங்கத்தார் இதனை மறுப்பின், மறுப்பையும் இப்பத்திரிகையிலேயே வெளியிடச் சித்தமாயிருக்கின்றோம்.

நடத்தும் முறை நெடிதன்று. நாள், 1949 முதல் படைவீரர் கொடிநாளாகக் கொள்ளப்பட்டுவரும் டிசம்பர் 7. வேளை அந்தி, ஏனெனில் இது இரவுக்காவல் ஒலி. முதியோர் தம் பதக்கங்களை அணிந்து இரு வரிசையாக நிற்க, பேர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். பேரும் ஊரும் படைப்பிரிவும் மாத்திரம் போதும். பட்டமும் புகழுரையும் வேண்டா. பின்பு லாஸ்ட் போஸ்ட். அதன்மேல் இரண்டு நிமிஷ மௌனம். இஃது 1919 முதல் உலகெங்கும் பரவிய வழக்கம். மௌனம் முடிவில் துயிலெழுப்பும் ‘ரௌஸ்’ என்னும் ஒலி. இதனைச் சிலர் விட்டுவிடுவர், விடலாகாது. உறங்கச் சொன்னவனே எழவும் சொல்லவேண்டும் என்பது அச்சடங்கின் அமைப்பு. சொற்பொழிவு எவருடையதும் வேண்டா. பிரமுகர்க்கு மாலையும் வேண்டா.

பேர்களைத் திரட்டுவதுதான் பெரிய வேலை. டிஸ்சார்ஜ் புத்தகம், உபகாரச் சம்பளக் காகிதம், தகரப்பெட்டியிற் கிடக்கும் பழைய கடிதம் எதுவாயினும், அதன் நகலைச் சங்கக் காரியாலயத்துக்கு அன்பர்கள் அனுப்பிவைக்கக் கோருகின்றோம். காகிதம் ஒன்றுமில்லாத வீட்டுக் கிழவிமார் சொல்லும் பேரையும் எழுதிக்கொள்வோம். எழுத்துக் கூட்டுவதில் ஐயமிருப்பின், வீட்டில் அவரை எவ்வாறு அழைத்தனரோ அவ்வாறே எழுதி அனுப்புக.