பால்கோவாவும் வெண்ணெய் மலையும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. ராஜபாளையத்துக்காரனான எனக்குப் பக்கத்து ஊர் பால்கோவா மேல கொஞ்சம் பொறாமை கலந்த பாசம் உண்டு :-) அந்தப் பாசத்துல தேடிப் படிச்ச கதை இது.

1962-ல பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, பெல்ஜியம், லக்ஸம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் பொது விவசாயக் கொள்கையை ஆரம்பிச்சாங்க. போர்க்காலப் பசியைப் பார்த்தவங்க. விவசாயிக்கு விலை உறுதி. விலை விழுந்தா பொதுக் கஜானாவே வாங்கிக்கும். நல்ல எண்ணம்தான். ஆனா எவ்வளவு கறந்தாலும் விலை உண்டுன்னா யார் சும்மா இருப்பாங்க? கிடங்குகள்ல குவிஞ்ச சரக்குக்கு 'வெண்ணெய் மலை'ன்னே பேர் வந்துடுச்சு.

1968-ல மான்ஷோல்ட் என்ற ஆணையர், சின்னப் பண்ணைகளைக் குறைக்கணும்னு சீர்திருத்தத் திட்டம் கொண்டுவந்தார். 1971-ல விவசாயிகள் பசுமாடுகளை ஓட்டிக்கிட்டு அமைச்சர்கள் கூட்டத்துக்குள்ளேயே போயிட்டாங்க! செலவு பொதுக் கஜானாவுல, லாபம் சொந்த ஊர் விவசாயிக்கு. அப்புறம் எந்த நாடு முதல்ல விட்டுக்கொடுக்கும்?

சரி, மிஞ்சின பால்பவுடர் எங்கே போச்சு? ஒரு பகுதி இங்கேதான் வந்தது. 1970-ல தொடங்கின வெண்மைப் புரட்சியின் முதல் கட்டத்துக்கு, உலக உணவுத் திட்டம் வழியா 1,26,000 டன் பால்பவுடரும் 42,000 டன் வெண்ணெய்க் கொழுப்பும் தானமா ஒதுக்கினாங்க. இதை மலிவா சந்தையில கொட்டியிருந்தா நம்மூர் மாட்டுக்காரர் கதி அதோகதிதான். குரியன் இங்கேதான் கெட்டிக்காரத்தனம் காட்டினார். அதைப் பாலாக்கி, உள்ளூர்ப் பால் விலையைக் கெடுக்காம சென்னை உள்ளிட்ட பெருநகரங்கள்ல வித்து, அந்தப் பணத்துல கூட்டுறவுப் பால்பண்ணைகளை வளர்த்தார். வெளிநாட்டுத் தானத்தை நம்பலாமான்னு விமர்சனமும் வந்தது. ஆனாலும் 1998-ல உலகப் பால் உற்பத்தியில இந்தியா முதலிடத்துக்கு வந்துடுச்சு.

அங்கே? 1980-களின் தொடக்கத்துல அவங்க பொது பட்ஜெட்டுல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கை விவசாயமே தின்னுச்சு. 1984-ல பாலுக்கு நாடுவாரியா அளவு வச்சாங்க. 1992-ல உறுதி விலையைக் குறைச்சு, விவசாயிக்கு நேரடிப் பணம் கொடுக்க ஆரம்பிச்சாங்க. 2003-ல மானியத்தோட பெரும்பகுதியை உற்பத்தி அளவிலிருந்தே பிரிச்சாங்க. பால் அளவுக் கட்டுப்பாடு 2015-ல முடிஞ்சது.

இதுல நான் எடுத்துக்கிட்டது ஒண்ணுதான். மானியம் எவ்வளவுங்கிறதை விட எதுக்குங்கிறதுதான் முக்கியம். லிட்டருக்குக் கொடுத்தா மலை வளரும், அது அடுத்தவன் தலையில சரியும். விவசாயிக்குக் கொடுத்தா அவன் பிழைப்பான்.

2019-ல நம்ம பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. அதே வருஷம் நவம்பர்ல ஆர்செப் ஒப்பந்தத்துல சேராம இந்தியா விலகினதுக்கு, நியூசிலாந்துப் பால்பொருள் வந்து குவியுமோங்கிற பயமும் ஒரு காரணம். பேரைக் குறியீடு காப்பாத்தும். பாலைக் கறக்கிறவங்களை விலைதானே காப்பாத்தணும்? நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?