படுக்கையிலிருந்து எழுந்தவர்கள்

வீட்டில் முதியவர் ஒருவர் நோயுற்றால் நம் வாயில் முதலில் வரும் சொல் "பேசாமல் படுத்திருங்கள்" என்பதே. அன்பினால் சொல்கிறோம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அன்பு எத்தனை பேரை நிரந்தரமாகக் கட்டிலோடு கட்டிப் போட்டிருக்கிறது என்பதை மருத்துவ உலகம் உணர்ந்த வரலாறு அண்மைக்காலத்தது. அதன் முக்கியமான பக்கங்கள் இங்கிலாந்தில், ஒரு மருத்துவரும் ஒரு செவிலியருமாகிய இரு பெண்களால் எழுதப்பட்டவை. அவற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் வறியோர் விடுதிகள் என்று ஒன்று இருந்தது. வேலையற்றோர், அனாதைகள், ஆதரவற்ற முதியோர் எல்லோருக்கும் அதுவே புகலிடம்; அதுவே அவமானமும். அவற்றை ஒட்டி நோயாளர் விடுதிகளும் இருந்தன. 1929ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இவை உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் வந்தன. லண்டனுக்கு மேற்கே ஐல்வர்த்தில் இருந்த அத்தகைய விடுதி ஒன்று 1935இல் அருகிலிருந்த மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையுடன் சேர்க்கப்பட்டது. அங்கிருந்த 714 நோயாளிகளும் மருத்துவர் மார்ஜரி வாரன் பொறுப்பில் வந்து சேர்ந்தனர்.

வாரன் 1897இல் பிறந்தவர். 1926 முதல் ஐல்வர்த்தில் பணியாற்றியவர். அறுவை மருத்துவத்தில் ஈடுபாடு கொண்டவர். முதியோர் மருத்துவம் என்றொரு துறையே அந்நாட்டில் அன்று இல்லை. அவர் கண்ட கூடங்களில் ஆண்டுக்கணக்காகப் படுத்தே கிடந்தவர்கள் இருந்தார்கள். பக்கவாதம் வந்தவர், இடுப்பெலும்பு முறிந்தவர், மனம் குழம்பியவர், வெறுமனே போக்கிடம் இல்லாதவர் எல்லோரும் ஒரே வரிசையில். நோய் இன்னதென்று முறையாக ஆராயப்படாமலே பலர் அங்கு வந்து சேர்ந்திருந்தனர். 'நாட்பட்ட நோயாளி' என்ற ஒரே பெயர் அனைவருக்கும் போதுமானதாக இருந்தது!

வாரன் செய்த முதற்காரியம் மிக எளியது. ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார். எழுந்து நடமாடக்கூடியவர், படுக்கையில் இருப்பினும் சிறுநீர் மலம் அடக்கவல்லவர், அடக்க இயலாதவர், அமைதியாக மனங்குழம்பியவர், முற்றிய மறதிநோயாளர் என்று ஐந்தாகப் பிரித்தார். பிறகு வார்டுகளின் இருண்ட சுவர்களுக்கு வெளிறிய வண்ணம் பூசச் செய்தார், விளக்குகளைக் கூட்டினார், பிடித்து நடக்கக் கைப்பிடிகள் அமைத்தார். செவிலியரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் சேர்ந்து நோயாளிகளை உட்கார வைத்து, நிற்க வைத்து, பின் நடக்க வைத்தனர். தானாக உடுத்திக்கொள்வதும் தானாக உண்பதும் சிகிச்சையின் பகுதிகளாயின. காலப்போக்கில் 714 படுக்கைகள் தேவைப்பட்ட இடத்தில் ஏறத்தாழ 240 போதும் என்றாயிற்று. இவற்றை 1943இல் பிரித்தானிய மருத்துவ இதழிலும் 1946இல் லான்செட் இதழிலும் எழுதினார். 1960இல் ஐரோப்பியப் பயணமொன்றில் கார் விபத்தில் மறைந்தார்.

இடையே 1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்னும் மருத்துவர் படுக்கையின் அபாயங்களைப் பற்றி ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதினார். நுரையீரல், இரத்தக்குழாய், தசை, எலும்பு என்று ஒவ்வோர் உறுப்பாக எடுத்துக்கொண்டு, படுத்தே கிடப்பது அதனை எப்படிக் கெடுக்கிறது என்று விளக்கிய கட்டுரை அது. (பீட்டில்ஸ் ரசிகர்களுக்கு ஓர் உபரித் தகவல்: பால் மெக்கார்ட்னி அறுபதுகளில் குடியிருந்தது இந்த ஆஷர் வீட்டில்தான்.)

நம்மை அதிகம் கவர்ந்தவர், அவ்வளவாகப் பேசப்படாத டொரீன் நார்ட்டன் என்னும் செவிலியர். படுக்கைப்புண் அக்காலச் செவிலியரின் தீராத தலைவலி. நோயைவிடப் பணிவிடையின் குறையே அதற்குக் காரணம் என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859லேயே எழுதிவிட்டார். ஆதலால் ஒரு நோயாளிக்குப் புண் வந்தால் அந்த வார்டுச் செவிலியருக்குத் தலைகுனிவு. சோப்பும் நீரும், சாராயக் கலவை, களிம்பு என்று அவரவருக்குத் தெரிந்ததை முதுகில் தேய்த்துக்கொண்டே இருந்தனர். அதனால் பயன் உண்டா என்று எண்ணிப் பார்க்க நேரம் இருந்தவர் எவர்?

நார்ட்டன் எண்ணிப் பார்த்தார். ரோடா மெக்லாரன் என்னும் செவிலியரும் எக்ஸ்டன்-ஸ்மித் என்னும் மருத்துவரும் உடனிருக்க, லண்டனில் 250 முதிய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 1962இல் முடிவுகளை வெளியிட்டார். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் புண் வந்தது. பெரும்பாலானவை சேர்ந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் வந்தவை. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவுத்திறன், அடக்கும் திறன் ஆகிய ஐந்துக்கும் தலா 1 முதல் 4 வரை மதிப்பெண் இட்டனர். மொத்தம் 20. எண் 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபத்து. எண் குறையக் குறையப் புண் பெருகிற்று. ஆக, யாருக்குப் புண் வரும் என்பதை நோயாளி வந்த அன்றே ஓரளவு கணிக்க முடிந்தது.

தேய்த்த பூச்சுகள் அல்ல, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதே புண்ணைத் தடுத்தது என்பது அடுத்த முடிவு. இதில் ஒரு சங்கடம் உண்டு. பூச்சுக்குக் காசு போதும். புரட்டுவதற்கு இரவு முழுக்க விழித்திருக்கும் கைகள் வேண்டும். கட்டிலின் உயரம், நாற்காலியின் வடிவம், நோயாளி அணியும் ஆடை ஆகியவற்றையும் அந்த ஆய்வு விடவில்லை. தாழ்ந்த நாற்காலியில் அமர்த்தப்பட்ட கிழவி தானாக எழ முடியாது. பிறகு அவளை எழ இயலாதவள் என்று குறித்துக்கொள்கிறோம்.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு 1978இல் மருத்துவர் வ. செ. நடராசன் முயற்சியால் தொடங்கிற்று. நார்ட்டனின் மதிப்பெண் முறை பின்னர் பல நாடுகளின் வார்டுகளுக்குப் பரவியது. நோயாளியின் கட்டிலருகே தொங்கும் தாளில் இரண்டு மணிக்கொரு முறை இடம், வலம் என்று குறிக்கும் கட்டங்களை அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது பாருங்கள். இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் உரிய கட்டங்கள் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று குறிப்பாகப் பாருங்கள்.