கிரெட்ஸ்கி இல்லாத எட்மன்டன்

பனிக்களத்தின் கதை – 17

1988 ஆகஸ்ட் 9. கனடாவின் எட்மன்டன் நகரில், மால்சன் ஹவுஸ் என்ற கட்டடத்தில் பத்திரிகையாளர்கள் நெருக்கியடித்துக் கூடியிருந்தார்கள். மைக் முன்னால் உட்கார்ந்த வேய்ன் கிரெட்ஸ்கிக்கு அப்போது 27 வயது. திருமணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பேசத் தொடங்கியதும் குரல் உடைந்தது. அழமாட்டேன் என்று நண்பன் மார்க் மெஸ்ஸியருக்கு வாக்குக் கொடுத்திருந்ததாகச் சொன்னார். அந்த வாக்கை அவரால் காப்பாற்ற முடியவில்லை.

ஐஸ் ஹாக்கியின் தலைசிறந்த ஆட்டக்காரர் லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணிக்கு விற்கப்பட்டுவிட்டார். அவரோடு மார்ட்டி மெக்சோர்லி, மைக் குருஷெல்னிஸ்கி இருவரும் போனார்கள். பதிலுக்கு எட்மன்டனுக்குக் கிடைத்தவை: ஜிம்மி கார்சன் என்ற 20 வயது இளைஞர், மார்ட்டின் ஜெலினா என்ற 18 வயதுப் பையன், புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று முதல் சுற்று வாய்ப்புகள், கூடவே ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலர்.

எட்மன்டன் அணியின் முதலாளி பீட்டர் பாக்லிங்டனின் உருவ பொம்மை நகரில் எரிக்கப்பட்டது. இந்த விற்பனையை அரசு தடுத்து நிறுத்த வேண்டும் என்று நெல்சன் ரீஸ் என்ற எம்.பி. குரல் கொடுத்தார். ஒரு விளையாட்டு வீரர் அணி மாறுவதற்கு ஒரு நாடே இப்படிப் பதறியது அபூர்வம்.

அந்தப் பதற்றத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். கிரெட்ஸ்கி விமானம் ஏறிப் போய்விட்டார். உடை மாற்றும் அறையில் மிச்சமிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? அவர்களுடைய அடுத்த இரண்டு ஆண்டுகள்தான் இந்த வாரக் கதை.

இழப்பின் கணக்கு

எட்மன்டன் ஆயிலர்ஸ் 1984, 1985, 1987, 1988 என்று ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையை வென்ற அணி. அந்த அணியின் கேப்டன் கிரெட்ஸ்கி. இந்த ஆட்டத்தில் கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அதற்குக் கடைசியாகப் பாஸ் கொடுத்த இருவருக்கும் தலா ஒரு புள்ளி, அதுதான் அசிஸ்ட். 1985-86 பருவத்தில் கிரெட்ஸ்கி மட்டும் 215 புள்ளிகள் எடுத்திருந்தார். வேறு எவரும் ஒரு பருவத்தில் 200 புள்ளிகளைத் தொட்டதே இல்லை.

இழப்பு அவரோடு தொடங்கவும் இல்லை. தற்காப்பில் நின்றபடியே கோல்களைக் குவித்த பால் காஃபி, சம்பளத் தகராறில் 1987 நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் அணிக்குப் போய்விட்டார். மாற்று கோல்கீப்பர் ஆண்டி மூக் 1988 மார்ச்சில் பாஸ்டனுக்குப் போனார். மூக்குக்கு ஈடாக வந்தவர்களில் ஒருவர் பில் ரான்ஃபர்ட் என்ற இளம் கோல்கீப்பர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேப்டன் பொறுப்பு மெஸ்ஸியரிடம் வந்தது. எட்மன்டனிலேயே பிறந்தவர் அவர். கிரெட்ஸ்கியைவிட எட்டே நாள் மூத்தவர். கிரெட்ஸ்கி நுணுக்கத்தால் ஆடுவார் என்றால் மெஸ்ஸியர் வேகத்தாலும் உடல் பலத்தாலும் ஆடுவார். அக்டோபர் 19 அன்று, கிங்ஸ் சட்டை போட்டுக்கொண்டு கிரெட்ஸ்கி முதல்முறையாக எட்மன்டனுக்குத் திரும்பி வந்தார். நார்த்லாண்ட்ஸ் கொலிசியம் அரங்கமே எழுந்து நின்று, விடாமல் கை தட்டியது. ஆட்டத்தில் ஆயிலர்ஸ் 8-6 என்று வென்றது.

ஊர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அது நீடிக்கவில்லை. அணிகளுக்கான லீக் பட்டியலில், முந்தைய பருவத்தில் எட்மன்டன் 99 புள்ளிகளோடும் லாஸ் ஏஞ்சலிஸ் 68 புள்ளிகளோடும் முடித்திருந்தன. 1988-89 முடிவில் எட்மன்டன் 84-க்கு இறங்கியது, லாஸ் ஏஞ்சலிஸ் 91-க்கு ஏறியது. ஒரே மனிதர் இடம் மாறியதும் இரண்டு அணிகளின் வரிசையும் தலைகீழானது.

அடுத்து நாக்-அவுட் சுற்று. முதல் சுற்றிலேயே எட்மன்டனுக்கு எதிரே வந்து நின்றது கிங்ஸ். ஏழு ஆட்டத் தொடரில் நான்கு வென்றால் போதும். எட்மன்டன் 3-1 என்று முன்னிலையில் இருந்தது. ஒரே ஒரு வெற்றி தேவை. அது கிடைக்கவே இல்லை. கிங்ஸ் மூன்று ஆட்டங்களை வரிசையாக வென்றது. ஏழாவது ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே கிரெட்ஸ்கி கோல் அடித்தார். ஆட்டம் 6-3 என்று முடிந்தது. நடப்பு சாம்பியன் முதல் சுற்றோடு வெளியேறியது, அதுவும் தன் முன்னாள் கேப்டனின் கையால்.

1989 ஆகஸ்டில் நார்த்லாண்ட்ஸ் கொலிசியத்துக்கு வெளியே கிரெட்ஸ்கிக்குச் சிலை திறக்கப்பட்டது. இனி ஆயிலர்ஸ் ஆட்டக்காரர்கள் வேலைக்கு வரும் இடத்தில், ஸ்டான்லி கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அவர் நிற்பார்.

நூறு புள்ளிகளும் போதவில்லை

ஜிம்மி கார்சனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 19 வயதிலேயே 55 கோல் அடித்த திறமைசாலி. எட்மன்டனுக்கு வந்த முதல் பருவத்தில் 49 கோல், 51 அசிஸ்ட், மொத்தம் 100 புள்ளிகள். வேறு எந்த அணியிலும் இப்படி ஆடிய 20 வயது இளைஞனை ஊரே தோளில் தூக்கி வைத்திருக்கும். எட்மன்டனில் அவர் ‘கிரெட்ஸ்கிக்குப் பதிலாக வந்தவர்’. எத்தனை கோல் அடித்தாலும் அந்த அளவுகோல் மாறப்போவதில்லை.

1989-90 பருவம் தொடங்கி நான்கே ஆட்டங்களில் கார்சன் அணியை விட்டு விலகினார். கிரெட்ஸ்கியைக் கொடுத்துப் பெற்றவற்றில் பெரிய சொத்தும் கைவிட்டுப் போகிறது என்று ஊர் கலங்கியது. அதே 1989 அக்டோபரில் இன்னொரு அடி. 15-ஆம் தேதி, அதே எட்மன்டன் அரங்கில், முன்னாள் நட்சத்திரம் கோர்டி ஹோவின் 1,850 புள்ளிகள் என்ற வாழ்நாள் சாதனையை கிரெட்ஸ்கி முறியடித்தார். ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது அவர் அடித்த அந்தக் கோலால் கிங்ஸ் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலையும் அவரே அடித்தார். எட்மன்டன் ரசிகர்கள் தங்கள் அணி தோற்பதைப் பார்த்துக்கொண்டே அவருக்காக எழுந்து நின்றார்கள்.

இந்த நிலைமையில் பொது மேலாளர் கிளென் சாதர் எடுத்த முடிவுதான் அணியின் தலையெழுத்தை மாற்றியது. அந்தப் பருவத்தில் பயிற்சியாளர் பொறுப்பைத் தன் உதவியாளர் ஜான் மக்லரிடம் கொடுத்துவிட்டு, நிர்வாகத்தை மட்டும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். 1989 நவம்பர் 2 அன்று கார்சனையும் கெவின் மெக்லெலண்டையும் டெட்ராய்ட் அணிக்குக் கொடுத்து நான்கு பேரை வாங்கினார். அவர்களில் மூவர் முக்கியமானவர்கள்: செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து 1985-இல் தப்பி வந்த பெட்டர் கிளீமா, 1986-இல் புதிய ஆட்டக்காரர்கள் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டும் டெட்ராய்ட்டில் சோபிக்காத ஜோ மர்ஃபி, உழைப்பாளி ஆடம் கிரேவ்ஸ். ஒரு நட்சத்திரத்துக்குப் பதில் இன்னொரு நட்சத்திரத்தைத் தேடுவதைச் சாதர் விட்டுவிட்டார். அணியின் எல்லா வரிசைகளையும் பலப்படுத்தினார்.

அறுபது நிமிடங்களின் பங்கீடு

இதன் முக்கியத்துவம் புரிய, ஐஸ் ஹாக்கி ஆடப்படும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிரிக்கெட்டில் ஒரு நல்ல பேட்ஸ்மேன் நாள் முழுக்க நின்று ஆடலாம். இங்கே அது முடியாது. முழு வேகத்தில் ஸ்கேட் செய்கிறவருக்கு ஒரு நிமிடத்துக்குள் மூச்சு முட்டிவிடும். அதனால் தாக்குதல் ஆட்டக்காரர்கள் மூன்று மூன்று பேராக இறங்குவார்கள். முக்கால் நிமிடம் போல ஆடிவிட்டு வெளியேற, அடுத்த மூவர் குதிப்பார்கள். மொத்தம் 60 நிமிட ஆட்டத்தில் எப்பேர்ப்பட்ட நட்சத்திரமும் ஏறத்தாழ 20, 25 நிமிடங்கள்தான் களத்தில் இருப்பார். மீதி நேரம் மற்றவர்களுடையது.

கிரெட்ஸ்கி இருந்தபோது அவருடைய 25 நிமிடங்களே பல ஆட்டங்களை முடித்துவைத்தன. அவர் போன பிறகு, மீதி 35 நிமிடங்களில் எட்மன்டன் வெல்லக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மக்லர் அங்கேதான் கை வைத்தார். 19 வயது ஜெலினா, 22 வயது மர்ஃபி, கிரேவ்ஸ் ஆகிய மூவரையும் ஒரே வரிசையில் இறக்கினார். ‘சின்னப் பசங்க வரிசை’ என்று பெயர் வாங்கிய இந்த மூவரும் எதிரணியின் தற்காப்பை ஓட ஓட விரட்டினார்கள். கிரெட்ஸ்கியைக் கொடுத்து வாங்கிய ஜெலினாவும், கார்சனைக் கொடுத்து வாங்கிய மர்ஃபியும் கிரேவ்ஸும் ஒன்றாகச் சேர்ந்த வரிசை அது.

உச்சியில் மெஸ்ஸியர் இருந்தார். 45 கோல், 84 அசிஸ்ட், 129 புள்ளிகள். அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையில் பாஸ்டனின் ரே போர்க்கை இரண்டே வாக்குகளில் முந்தினார்.

கோல்கீப்பர் இடத்திலும் சோதனை வந்தது. நான்கு கோப்பைகளில் காவல் நின்ற கிராண்ட் ஃபியூர், குடல்வால் அறுவை சிகிச்சை, தோள்பட்டைக் காயம் என்று அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார். அவர் இடத்தில் நின்றவர்தான் மூக்குக்கு ஈடாக வந்த பில் ரான்ஃபர்ட்.

விளிம்பிலிருந்து எழுந்தவர்கள்

1990 ஏப்ரல். முதல் சுற்றில் வின்னிபெக் ஜெட்ஸ் எட்மன்டனை 3-1 என்று பின்னுக்குத் தள்ளியது. சென்ற ஆண்டு இதே 3-1 முன்னிலையைக் கையில் வைத்துக்கொண்டு தோற்ற அணி, இந்த முறை அதே கணக்கில் பின்தங்கி நின்றது. ரான்ஃபர்ட்டால் முடியுமா என்ற சந்தேகம் ஊரெங்கும் எழுந்தது. மக்லர் அவரை மாற்றவில்லை. எட்மன்டன் அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றது.

இரண்டாவது சுற்றில் மறுபடியும் லாஸ் ஏஞ்சலிஸ். கிரெட்ஸ்கி முதுகுக் காயத்தோடு அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். எட்மன்டன் 4-0 என்று தொடரை முடித்தது.

அரையிறுதியில் சிகாகோ 2-1 என்று முன்னிலை பெற்றது. நான்காவது ஆட்டம் சிகாகோவிலேயே. அன்று மெஸ்ஸியர் ஆடிய ஆட்டத்தை எட்மன்டன்காரர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். மோதல், வேகம், மூர்க்கம் எல்லாம் சேர்ந்து இரண்டு கோல், இரண்டு அசிஸ்ட். 4-2 என்று எட்மன்டன் வென்றது. அணியின் நான்கு கோல்களிலும் கேப்டனின் பங்கு இருந்தது. தொடர் 4-2 என்று முடிந்தது.

இறுதிப் போட்டியில் எதிரே அந்தப் பருவத்தில் அதிகப் புள்ளிகள் எடுத்த பாஸ்டன் புரூயின்ஸ். பாஸ்டனின் கோல் முன்னால் நின்றவர் ஆண்டி மூக். எட்மன்டனின் கோல் முன்னால் ரான்ஃபர்ட். ஒருவருக்கு ஈடாக மற்றவர் கைமாறிய இருவரும் நேருக்கு நேர்.

மே 15, முதல் ஆட்டம், பாஸ்டன் கார்டன் அரங்கம். எட்மன்டன் 2-0 என்று முன்னிலை பெற்றது. ரே போர்க் கடைசி இருபது நிமிடங்களில் இரண்டு கோல் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரம் ஒன்று முடிந்தது, இரண்டு முடிந்தது, கோல் விழவில்லை. நள்ளிரவும் தாண்டியது. ஆட்டக்காரர்களின் கால்கள் தள்ளாடின. அன்று பெரும்பாலான நேரம் பெஞ்சிலேயே உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்த ஒருவரை மக்லர் களத்தில் இறக்கினார். களைக்காத கால்களோடு வந்த பெட்டர் கிளீமா, மூன்றாவது கூடுதல் நேரத்தில், 55 நிமிடம் 13 விநாடி கூடுதல் ஆட்டத்துக்குப் பிறகு, ஆண்டி மூக்கைத் தாண்டி, பக் என்ற ரப்பர் வில்லையைக் கோலுக்குள் அனுப்பினார். ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டிகளின் வரலாற்றிலேயே மிக நீளமான ஆட்டம் அது. அந்த இரவில் ரான்ஃபர்ட் 50 ஷாட்களைத் தடுத்திருந்தார்.

மே 24 அன்று, அதே பாஸ்டனில், ஐந்தாவது ஆட்டத்தை 4-1 என்று வென்று எட்மன்டன் தன் ஐந்தாவது கோப்பையைத் தூக்கியது. கோப்பையை உறுதி செய்த கோலை அடித்தவர் கிரெய்க் சிம்ப்சன். பால் காஃபியைக் கொடுத்து வாங்கியவர் அவர். அந்த நாக்-அவுட் சுற்றில் 16 கோல்கள் அடித்திருந்தார். சுற்றின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் கோப்பை ரான்ஃபர்ட்டுக்குப் போனது. இது கிரெட்ஸ்கிக்கும் உரியது என்று மெஸ்ஸியர் கண்ணீரோடு தொலைக்காட்சியில் சொன்னார்.

வெற்றி சொல்லும் பாடம்

இந்த வெற்றியை வைத்து, கிரெட்ஸ்கியை விற்றது சரிதான் என்று வாதாடியவர்கள் உண்டு. அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியாது. ஐந்து கோப்பைகளிலும் பெயர் பொறிக்கப்பட்டவர்கள் ஏழு பேர்: மெஸ்ஸியர், யாரி குர்ரி, கிளென் ஆண்டர்சன், ஃபியூர், கெவின் லோ, சார்லி ஹடி, ராண்டி கிரெக். பல ஆண்டுகள் ஒன்றாகத் தோற்று, ஒன்றாக வென்று பழகியவர்கள் இவர்கள். 18 வயதுப் பையனும், பழைய அணி கைகழுவிய மர்ஃபியும், பெஞ்சில் இருந்த கிளீமாவும் வந்து சேர்ந்தபோது, அவர்களைத் தாங்கிப் பிடிக்க இந்த அடித்தளம் இருந்தது. கிரெட்ஸ்கியின் சுமையை ஒருவர் தலையில் ஏற்றியபோது கார்சன் நொறுங்கினார். இருபது பேர் பகிர்ந்துகொண்டபோது கோப்பை வந்தது. பகிர்ந்துகொள்ளச் சொல்லித்தர மூத்தவர்கள் இருந்ததால்தான் அதுவும் முடிந்தது.

அந்த மூத்தவர்களையும் எட்மன்டன் இழந்தது. குர்ரி 1990-இல் இத்தாலிக்கு ஆடப் போனார். 1991 செப்டம்பரில் ஃபியூரும் ஆண்டர்சனும் டொரான்டோவுக்கு, அக்டோபரில் மெஸ்ஸியர் நியூயார்க்குக்குக் கைமாற்றப்பட்டார்கள். 1992-93 பருவத்தில், இந்த லீக்கில் சேர்ந்த பிறகு முதல்முறையாக, ஆயிலர்ஸ் நாக்-அவுட் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. 2006, 2024, 2025 ஆண்டுகளில் இறுதிப் போட்டி வரை வந்தும் தோற்றது. ஓர் அணி தன் மாபெரும் ஆட்டக்காரரை இழந்தும் பிழைக்கலாம். தன் நினைவுகளைச் சுமப்பவர்கள் எல்லோரையும் இழந்துவிட்டால், எழுந்து நிற்கப் பல ஆண்டுகள் ஆகும்.

எட்மன்டன் விட்டுக்கொடுத்த அந்த அனுபவம் எங்கே போய்ச் சேர்ந்தது? 1940-க்குப் பிறகு கோப்பையையே பார்க்காத நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி, மெஸ்ஸியர் தலைமையில் ஏழு முன்னாள் எட்மன்டன்காரர்களைத் திரட்டியது. 1994-இல் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)