எத்தனை சக்கரங்கள் இழுக்க வேண்டும்?

ஆடி மாதக் கடைசியில் என் அண்ணன் மகன் சிதம்பரத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்தான். கொள்ளிடக் கரையோர ஊர் ஒன்றில் முல்லையும் கத்தரியும் வெண்டையும் பயிரிடுபவன். அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் பூவையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு விடியுமுன் சந்தைக்குக் கொண்டுவருவதும் அவன் தொழில். பழைய சரக்கு வண்டி ஓய்ந்துவிட்டதால் புதிதாக ஒரு பிக்கப் வாங்க வேண்டும் என்றான். முன்பணத்தில் ஒரு பகுதியை என் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து கடனாகக் கேட்டான்.

"சித்தப்பா, இந்தத் தடவை ஃபோர் வீல் டிரைவ்தான் எடுக்கப் போறேன். சேத்துல மாட்டி மாட்டி வெறுத்துப் போச்சு."

கடலூர் மாவட்டத்தில் சிறு விவசாயிகளும் மீன், பலா, முந்திரி, பூ வியாபாரிகளும் இந்தக் கேள்வியை எதிர்கொள்கிறார்கள். லட்சக்கணக்கான ரூபாய் சம்பந்தப்பட்ட கேள்வி இது. ஆனால், விற்பனைக்கூடத்தில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் விளம்பரப் படத்தின் பதிலாகவே இருக்கிறது.

முதலில் சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "இருசக்கரம்" என்றதும் நமக்கு மோட்டார் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது நான்கு சக்கரங்கள் உள்ள வண்டியைப் பற்றியே. எஞ்சினின் விசை எத்தனை சக்கரங்களுக்குச் செல்கிறது என்பதுதான் வேறுபாடு. நம் ஊரில் "குட்டி யானை" என்று அழைக்கப்படும் டாடா ஏஸ் (2005), அசோக் லேலண்ட் தோஸ்த் (2011) போன்ற சிறு சரக்கு வண்டிகளில் பின்சக்கரங்கள் இரண்டு மட்டுமே வண்டியைத் தள்ளுகின்றன. மஹிந்திரா பொலிரோ வரிசையில் நான்கு சக்கர இயக்கம் கொண்ட பிக்கப்புகளும் உண்டு. 2016-இல் வந்த இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் இரு வகையிலும் விற்கப்பட்டிருக்கிறது. 2022-இல் அறிமுகமான டொயோட்டா ஹைலக்ஸ் இங்கு வரும்போதே நான்கு சக்கர இயக்கத்துடன் வந்தது.

இந்தத் தொழில்நுட்பம் நமக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் உருவான வில்லிஸ் ஜீப்பை, விடுதலையை ஒட்டிய ஆண்டுகளிலேயே மஹிந்திரா நிறுவனம் இங்கு கோத்து விற்கத் தொடங்கியது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பாறைப் பாதையில் ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு அதன் பயன் விளங்கும். ஆனால், கொழுக்குமலையின் பாறை வேறு, கொள்ளிடக் கரையின் களிமண் வேறு.

வண்டி சேற்றில் ஏன் சிக்குகிறது என்பதற்கு விடை பின் அச்சின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியலில் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் தரவே இந்தப் பல்சக்கரத் தொகுதி. ஆனால், ஒரு சக்கரம் வழுக்கத் தொடங்கினால் அது மட்டும் வெறுமனே சுழலும். பிடிமானம் உள்ள மறு சக்கரத்துக்குப் பயனுள்ள விசை போகாது. ஆகவே, சேற்றில் இறங்கிய இருசக்கர இயக்க வண்டி நடைமுறையில் ஒருசக்கர வண்டியாகிவிடுகிறது. அதே காரணத்தால் நான்கு சக்கர இயக்க வண்டியும், டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி இல்லாவிட்டால், முன்னே ஒன்று பின்னே ஒன்று என இரண்டு சக்கரங்கள் மட்டும் சுழன்று நின்றுவிடக்கூடும். விற்பனையாளர்கள் அழுத்திச் சொல்லாத செய்தி இது. பின் அச்சில் பூட்டும் வசதியோ வழுக்கலைக் கட்டுப்படுத்தும் அமைப்போ உள்ள இருசக்கர இயக்க வண்டி, பல இடங்களில் நான்கு சக்கர இயக்கத்தின் பாதி வேலையைக் குறைந்த செலவில் செய்துவிடும்.

பிக்கப்புகளில் பரவலாக உள்ள நான்கு சக்கர இயக்கம் எப்போதும் இயங்கிக்கொண்டிருப்பதன்று. தேவைப்படும்போது ஓட்டுநர் இணைத்துக்கொள்ள வேண்டும். அப்போது முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி பிணைக்கப்படுகின்றன. உலர்ந்த தார்ச்சாலையில் அப்படியே ஓட்டித் திரும்பினால் டயர் தேயும்; பல்சக்கரங்களில் இறுக்கம் ஏறும். நான்கு டயர்களும் ஒரே அளவாகவும் ஏறத்தாழ ஒரே தேய்மானத்துடனும் இருக்க வேண்டும். "பின்னாடி ரெண்டு டயர மட்டும் மாத்திக்கலாம்" என்ற நம் வழக்கமான சிக்கனம் இங்கே செல்லாது. இதில் உண்மையான பலம் "லோ" என்று குறிக்கப்படும் மெதுவேகப் பல்லிணைப்புதான். எஞ்சினின் இழுவையைப் பெருக்கி, நடைவேகத்தில் வண்டியை ஏற்றிச்செல்லும்.

மழையில் நெடுஞ்சாலையில் இது பாதுகாப்பு தரும் என்று நம்புவோர் பலர். பிரேக் எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கரங்களிலும்தான் பிடிக்கிறது. நிற்கும் தூரத்தைக் குறைப்பது டயர், இயக்கம் அன்று.

இனி, நம் மாவட்டத்து மண். பண்ருட்டி வட்டாரச் செம்மண் நிலத்தில் மழை விட்ட சில மணி நேரத்தில் பாதை ஓரளவு இறுகிவிடும். பலா ஏற்றிய இருசக்கர இயக்க வண்டிக்கு அங்கே பெரிய இடர் இல்லை. பலாவின் பருவமும் கோடைதான். சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டைக் கடலோரத்தில் மணல். மணலில் நான்கு சக்கர இயக்கம் உண்மையிலேயே உதவும். ஆனால், டயர் காற்றைக் கணிசமாகக் குறைத்து மெதுவாக ஓட்டுவதும் ஏறக்குறைய அதே அளவு உதவும். டயர் பரந்து மணல்மேல் மிதந்தாற்போல் செல்லும். தார்ச்சாலை ஏறுமுன் காற்றை மீண்டும் நிரப்பாவிட்டால் சரக்குப் பாரத்தில் டயர் சூடேறி வெடிக்கும்.

சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோவில் வட்டாரத்து வண்டல் களிமண்தான் கடினமான சோதனை. அது டயரின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு டயரை மொழுமொழுவென்று ஆக்கிவிடும். வெற்று பிக்கப்பின் எடையில் பெரும்பகுதி முன்னால் எஞ்சின் பக்கம் இருக்கிறது. தள்ளும் சக்கரங்களோ பின்னால். அதனால் தோட்டத்துக்குப் போகும்போது வெறும் வண்டி வழுக்கும். திரும்பும்போது பாரம் ஏறியிருப்பதால் பிடிமானம் கூடும், ஆனால் வண்டி புதையும். வழுக்குவதற்கு நான்கு சக்கர இயக்கம் மருந்து. புதைவதற்கு அது பாதி மருந்துதான். அடித்தட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டால் எத்தனை சக்கரம் சுழன்றாலும் ஒன்றுதான். டிராக்டர் வந்தாக வேண்டும். போகும் வழுக்கலுக்கு எங்கள் பகுதி ஓட்டுநர்களிடம் எளிய தீர்வு ஒன்று உண்டு. பின் அச்சுக்கு மேலே நாலைந்து மணல் மூட்டை.

வெள்ளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018-இலும் 2022-இலும் மேட்டூர் உபரிநீர் கொள்ளிடத்தில் பெருக்கெடுத்தபோது பெராம்பட்டு, திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி போன்ற ஊர்களை நீர் சூழ்ந்தது. 2024 டிசம்பரில் ஃபென்ஜால் புயலை அடுத்து, சாத்தனூர் அணை நீரால் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரைத் தொட்டது. இத்தகைய நாள்களில் உயரமான நான்கு சக்கர இயக்க வண்டி இருந்தால் கடந்துவிடலாம் என்ற துணிச்சல் ஆபத்தானது. இரண்டடி ஆழத்தில் வேகமாக ஓடும் நீர் பெரும்பாலான கார்களையும் பிக்கப்புகளையும் தூக்கி நகர்த்திவிடும். சக்கரம் தரையை விட்டு எழுந்தபின் எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பது பொருளற்ற கேள்வி. 2018 கேரள வெள்ளத்தில் மக்களை ஏற்றிவந்தவற்றுள் கனரக டிப்பர் லாரிகள் முக்கியமானவை; உயரமும் எடையும்தான் அவற்றின் பலம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய பிறகு பண்ருட்டிப் பக்கம் நாங்கள் போக முயன்றபோது, வழியெங்கும் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அன்று தேவைப்பட்டது மரம் அறுக்கும் ரம்பம்.

இனி கணக்குக்கு வருவோம். என் தொழில் புத்தி அது.

இரு வகைக்கும் விலை வேறுபாடு 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10 விழுக்காடு, வண்டியின் பயன்காலம் 7 ஆண்டுகள், கடைசியில் விற்கும்போது நான்கு சக்கர இயக்கத்துக்காக 1 லட்சம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 51,000 ரூபாய் மூலதனச் செலவு. ஆண்டுக்கு 20,000 கி.மீ. ஓட்டம். கூடுதல் எடையாலும் உராய்வாலும் லிட்டருக்கு 12 கி.மீ. தருவது 11 ஆகக் குறைந்தால் 150 லிட்டர் டீசல் கூடும். லிட்டர் 92 ரூபாய் என்றால் சுமார் 14,000 ரூபாய். பராமரிப்புக்கு 5,000. ஆக மொத்தம் ஆண்டுக்கு 70,000 ரூபாய்.

வண்டி போகாத ஒரு நாளில் அவனுக்கு 3,500 ரூபாய் நட்டம் என்றால், ஆண்டுக்கு 20 நாள்களையாவது இந்த வண்டி மீட்டுத் தர வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். மழை நாள்கள் எல்லாவற்றையும் எண்ணிவிடுகிறார்கள். எண்ண வேண்டியது, இருசக்கர இயக்கத்தால் போக முடியாமல் நான்கு சக்கர இயக்கத்தால் மட்டும் போக முடிகிற நாள்களை. இரண்டும் போகும் நாளும், இரண்டுமே போக முடியாத நாளும் கணக்கில் வரக்கூடாது.

அண்ணன் மருமகள் வரவு செலவு நோட்டு ஒன்று பழுதில்லாமல் எழுதி வருகிறாள். அதை வாங்கிப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளில் "வண்டி நின்றது" என்று 23 நாள்கள். அவற்றில் 8 நாள்கள் சாலை மேல் தண்ணீர். எந்த வண்டியும் போகவில்லை. 5 நாள்கள் பஞ்சர், ஸ்டார்ட்டர் கோளாறு. சேற்றில் மாட்டியவை 10. அந்தப் பத்தில் ஏழு முறை பக்கத்துக் கொல்லைக்காரரின் டிராக்டர் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இழுத்துவிட்டிருக்கிறது. கூலியும் டீசலும் போக, அன்றைய பூவுக்கு விலை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மீதி மூன்று நாள்கள்தான் சரக்கு முழுதாக வீணானது. ஆண்டுக்கு ஐந்து நாள்கள் என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டாலும் இருபதுக்கு அது எட்டாது.

இதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பத்தில் ஒன்பது முறை வண்டி மாட்டியது ஒரே இடத்தில்: கரைச்சாலையிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் நூறடிக்கும் குறைவான சரிவு. அந்தச் சரிவைப் பயன்படுத்துவோர் பத்துப் பேர். ஒவ்வொருவரும் மூன்று லட்சம் கூடுதலாகக் கொடுத்து வண்டி வாங்கினால் முப்பது லட்சம். சரிவில் கிராவல் கொட்டி இறுக்குவதற்கு அதில் சிறு பங்கு போதும். பொதுப்பாதை கெட்டிருக்கும்போது அதன் செலவு ஒவ்வொரு வீட்டின் தனிக்கடனாக உருமாறிவிடுகிறது. அந்தக் கடனுக்கு வரவு செலவுத் திட்ட அறிக்கையில் தலைப்பே கிடையாது.

கணக்கை விரித்துச் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. சற்றுப் பொறுத்து, "நோட்டுல எழுதாத நாள் ஒண்ணு இருக்கு, சித்தப்பா" என்றான்.

எனக்கும் தெரிந்த நாள்தான். முந்தைய கார்த்திகையில் ஓர் இரவு. என் அண்ணிக்கு மூச்சிரைப்பு முற்றி, அதே பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். அதே சரிவில் வண்டி நின்றது. கயிற்றுக் கட்டிலில் கிடத்தி நான்கு பேர் தார்ச்சாலை வரை தூக்கி வந்தார்கள். சிதம்பரம் மருத்துவமனையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அண்ணி பிழைத்துக்கொண்டார். அன்று நான்கு சக்கர இயக்கம் இருந்திருந்தால் வண்டி ஏறியிருக்கும், வெறும் வழுக்கல்தான். ஆண்டுச் சராசரியில் இந்த இரவு ஒரு நாளின் சிறு பின்னமாகக் கரைந்துவிடுகிறது. காப்பீட்டுக்குச் சராசரி அளவுகோல் அன்று என்று எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் சொல்லிவிட்டு, வீட்டுக் கணக்கில் நானே அதைத் தவறவிட்டேன்.

காப்பீடு வேண்டும்தான். அதற்கு ஆண்டுக்கு 70,000 ரூபாய்ச் சந்தா தேவையா என்பதை அன்று இரவு நெடுநேரம் பேசினோம். மறுநாள் காலை என் மனைவி ஒரு வழி சொன்னாள். ஐப்பசி முதல் மார்கழி வரை அண்ணி எங்களுடன் சிதம்பரத்தில் இருக்கட்டும். மருத்துவமனை ஆட்டோ தூரம். அண்ணியைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. வீட்டில் கறவைப் பசு இருக்கிறது.

அவன் பின்சக்கர இயக்க பிக்கப்பையே வாங்கினான். சேற்றுக்கு ஏற்ற ஆழமான பள்ளங்கள் கொண்ட டயர், தடித்த இழுவைக் கயிறு, சக்கரத்தின் அடியில் போட இரண்டு இரும்புத் தகடுகள், ஒரு மண்வெட்டி. எல்லாம் சேர்ந்து விலை வேறுபாட்டில் சிறு பகுதிதான். சரிவைப் பயன்படுத்தும் பத்துப் பேரில் ஏழு பேர் பணம் போட்டார்கள். புரட்டாசியில் கிராவல் கொட்டி உருளை விட்டாயிற்று. மீதி மூன்று பேரின் வண்டிகளும் அதில்தான் போகின்றன.

அண்ணி ஐப்பசி இரண்டாம் வாரம் வந்து சேர்ந்தார். நாள்தோறும் காலை ஐந்து மணிக்கு மகனைக் கைப்பேசியில் அழைத்து, வண்டி சரிவு ஏறிவிட்டதா என்று முதலில் கேட்கிறார். அடுத்த கேள்வி பசுவைப் பற்றியது.